குளவிக் கொட்டுக்காக வாங்கி வைத்த நான்கு பொருட்கள்: ஒரு தாயின் மதிப்பீடு

வவுனிக்குளத்துக்குக் கிட்டிய எங்கள் கிராமத்தில் குளவிக்கூடு இல்லாத வளவு அரிது. கிடுகுக் கூரையின் உள்விளிம்பு, மாட்டுக் கொட்டிலின் வளை, ஆள் புழங்காத பழைய வீட்டின் யன்னல் மூலை என்று நிழலும் மறைவும் உள்ள இடமெல்லாம் அவை கட்டுகின்றன. கடந்த ஆண்டு அயல் வீட்டுச் சிறுவன் ஒருவன் கொட்டு வாங்கியபோது, வீட்டில் ஒன்றும் இல்லாமல் பெரியவர்கள் திசைக்கு ஒருவராக ஓடியதைக் கண்ட பிறகு, சந்தியில் உள்ள பாமசிக்குப் போய் நான்கு பொருட்களை வாங்கி வைத்தேன். குளிர் ஜெல் பொதி ஒன்று, கலமைன் லோஷன் போத்தல் ஒன்று, ஒவ்வாமைக்கான பாணி மருந்து ஒன்று, மூலிகைத் தைலம் ஒன்று. பரசிற்றமோல் பாணி முன்பே வீட்டில் இருந்தது. வாங்கி இரண்டு மாதம் போவதற்குள் என் ஆறு வயது மகளுக்கு இவையெல்லாம் தேவைப்பட்டன. எது எந்த வேளையில் உதவியது, எதற்குக் கொடுத்த காசு வீண் என்பதைப் பிள்ளை வளர்க்கும் மற்றவர்களும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

முதலில் கடையைப் பற்றி ஒரு வார்த்தை. அது ஒரு சிறிய பாமசி. ஒரே கண்ணாடி அலுமாரி, ஒரு குளிர்சாதனப்பெட்டி, முன்னால் ஒரு வாங்கு. குளவிக் கொட்டுக்கு மருந்து வேண்டும் என்று நான் கேட்டவுடன் அங்கு நின்ற தம்பி எதையும் எடுத்து நீட்டவில்லை. “அக்கா, பிள்ளைக்கு எத்தனை வயசு? நிறை எவ்வளவு? தொய்வு ஏதும் இருக்கோ? முந்திக் கொட்டினதோ?” என்று கேட்டுவிட்டே அலுமாரியைத் திறந்தார். மருந்து விற்பவரிடம் நான் எதிர்பார்ப்பது இந்தக் கேள்விகளைத்தான். ஸ்டெரொயிட் கலந்த பூச்சு மருந்து ஒன்றை நானே பெயர் சொல்லிக் கேட்டபோது, வைத்தியரின் துண்டு இல்லாமல் பிள்ளைக்குத் தர முடியாது என்று மறுத்துவிட்டார். அப்போது எனக்குச் சற்று மனத்தாங்கலாக இருந்தது. இப்போது அந்த மறுப்புக்கு நன்றி சொல்கிறேன். குறை என்று சொல்வதானால் இரண்டு உண்டு. கலமைன் போத்தலின் சுட்டுத்துண்டில் ஒரு வரிகூடத் தமிழில் இல்லை. அதை வாங்குகிற தாய்மாரில் பாதிப் பேருக்கு அது உதவாது. மற்றது, நான் கேட்காத தைலத்தை “இதையும் கொண்டு போங்கோ” என்று பையில் போட்டுத் தந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சம்பவம் நடந்தது ஒரு சனிக்கிழமை முற்பகல். கோழிக்கூட்டில் முட்டை எடுக்கப் போன மகள், கூட்டின் தகரத்துக்கு அடியில் தேங்காய்ச் சிரட்டையளவில் தொங்கிய சாம்பல் நிறக் கூட்டைக் காணாமல் கையை உள்ளே விட்டுவிட்டாள். இடது புறங்கையில் ஒன்றும் முழங்கைக்குக் கீழே ஒன்றுமாக இரண்டு கொட்டு. அவள் கத்திய கத்தலில் நான் ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டேன். அந்த இடத்தை விட்டு உடனே விலகுவதுதான் முதல் மருந்து. குளவி ஒன்று கொட்டும்போது வெளிப்படும் வாடை கூட்டிலுள்ள மற்றவற்றையும் கிளப்பிவிடும் என்பதுடன், ஒரே குளவியே பல முறை கொட்டவும் வல்லது. தேனீயின் கொடுக்கு முட்கள் உள்ளதாகையால் தோலில் தங்கிவிடும், அதை நகத்தாலோ அட்டைத் துண்டாலோ உடனே வழித்து எடுக்க வேண்டும். குளவியின் கொடுக்கோ பெரும்பாலும் தங்குவதில்லை. ஆகவே நான் வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு, தோண்டாமல், சவர்க்காரமும் கிணற்றுத் தண்ணீரும் கொண்டு கழுவினேன்.

அதற்குள் என் தாயார் வெற்றிலைத் தட்டத்துச் சுண்ணாம்பை விரலில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். “பூசு பிள்ளை, விசத்தை இழுத்துப்போடும்” என்றார். அவரை நான் மறுத்துப் பேசுவது அரிது. ஆனாலும் விஷம் தோலுக்கு மேலே இல்லை, உள்ளே செலுத்தப்பட்டிருக்கிறது; மேலே பூசும் சுண்ணாம்பு அதைச் சென்றடையாது, பிள்ளையின் மெல்லிய தோலைத்தான் அரிக்கும். மண், மண்ணெண்ணெய், பற்பசை, வெட்டிய வெங்காயம் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். மண் பூசுவதில் ஏற்புவலிக் கிருமி சேரும் ஆபத்தும் இருக்கிறது. அம்மாவின் மனம் நோகாமலிருக்க, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தலையைத் தடவிக்கொடுக்கும் வேலையை அவரிடம் ஒப்படைத்தேன். உண்மையில் அந்த வேளையில் அதைவிடப் பயனுள்ள வேலை வேறு இல்லை.

பொதியை எடுக்க ஓடுமுன் ஒன்று நினைவுக்கு வந்தது: அவள் கையில் கிடந்த வெள்ளிக் காப்பு. புறங்கையில் கொட்டு விழுந்தால் வீக்கம் மணிக்கட்டை நோக்கி வரும். வந்தபின் காப்பைக் கழற்ற முடியாது. சவர்க்கார நுரையைத் தடவி, பெருவிரலை உள்ளங்கைக்குள் மடித்து, சுழற்றிச் சுழற்றி இழுத்தேன். மொளியைத் தாண்டும்போது அவள் துடித்தாள். கழற்றி மேசையில் வைத்துக் கால் மணித்தியாலம் ஆகவில்லை, விரல்களின் அடியில் இருந்த நான்கு குழிகளும் மறைந்து, புறங்கை பொங்கிய மாவைப் போல ஆகிவிட்டது. கொட்டிய இடத்தில் கடுகளவு சிவப்புப் புள்ளி, அதைச் சுற்றி வெளிறிய வட்டம், அதற்கு வெளியே சிவந்த பரப்பு. காப்பு இருந்திருந்தால் அறுத்துத்தான் எடுத்திருக்க வேண்டும்.

இனிக் குளிர் ஜெல் பொதி. விலை ஆயிரம் ரூபாவைச் சற்றுத் தாண்டியது. வாங்கிய நான்கிலும் அதுவே விலை கூடியது, அதுவே அதிகம் உழைத்தது. நீல நிற ஜெல் அடைத்த தடித்த பிளாஸ்டிக் உறை, ஒரு கொப்பியின் பாதியளவு. உறைபெட்டியில் வைத்தாலும் இது கல்லாக இறுகுவதில்லை, வளைகிறது. சிறு பிள்ளையின் கையைச் சுற்றி வைப்பதற்கு இந்த வளைவுதான் முக்கியம். பனிக்கட்டியைத் துணியில் கட்டி வைத்தால் அதன் முனைகள் வீங்கிய இடத்தில் குத்தும், ஐந்து நிமிடத்தில் தண்ணீர் ஒழுகிச் சட்டை நனையும், பிள்ளை கையை இழுத்துக்கொள்ளும். பொதியை மெல்லிய பருத்தித் துணியில் ஒரு சுற்றுச் சுற்றி வைத்தபோது மகள் ஒரு நிமிடம் முரண்டு பிடித்தாள், பிறகு தானே மற்றக் கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பத்து நிமிடம் வைத்தேன், பத்து நிமிடம் எடுத்தேன், மீண்டும் வைத்தேன். மூன்றாவது சுற்றில் அழுகை நின்று, “கோழிக்கும் கொட்டுமோ அம்மா?” என்று கேட்கத் தொடங்கினாள்.

குளிர் இவ்வளவு வேலை செய்வதற்குக் காரணம் உண்டு. குளவியின் விஷத்தில் ஹிஸ்டமின், செரொட்டோனின் போன்ற பொருட்களும், இழையங்களைச் சிதைத்து வழி திறக்கும் நொதியங்களும் கலந்திருக்கின்றன. கொட்டியவுடன் எரிவதும் பின்னர் வீங்குவதும் இவற்றால்தான். குளிர் அவ்விடத்து இரத்தக் குழாய்களைச் சுருக்கி வீக்கத்தை மட்டுப்படுத்துகிறது, வலியைக் கொண்டுசெல்லும் நரம்பையும் மந்தப்படுத்துகிறது. பூச்சு மருந்து எதுவும் முதல் மணித்தியாலத்தில் இந்த இரண்டையும் சேர்த்துச் செய்வதில்லை. துணியில்லாமல் தோலில் நேராக வைப்பதும், பிள்ளை நித்திரையான பின் அப்படியே விட்டுவிடுவதும் கூடாது. குளிரும் தோலைச் சுடும்.

இந்தப் பொதியின் குறை எங்கள் பக்கத்துக்கே உரியது. குளிர்சாதனப்பெட்டி இருந்தால்தான் இது பயன்படும், மின்சாரம் நெடுநேரம் நின்றால் இதுவும் நின்றுவிடும். பெட்டி இல்லாத வீட்டார் இதை வாங்கிப் பயனில்லை. அவர்களுக்கு நான் சொல்வது, மண்பானைத் தண்ணீரில் தோய்த்த துணியை மாற்றி மாற்றி வைக்கலாம், அல்லது பெட்டிக்கடைக்கு ஆளனுப்பி ஐஸ் பக்கற் ஒன்று வாங்கித் துணியில் சுற்றி வைக்கலாம். பொதியளவுக்கு வசதி இல்லை, ஆனால் வேலை அதே வேலைதான். நசுக்கியவுடன் தானே குளிரும் ஒருமுறைப் பொதிகளும் உலகில் உண்டு. உள்ளே இருக்கும் உப்பு தண்ணீரில் கரையும்போது வெப்பத்தை உறிஞ்சுவதால் அவை குளிர்கின்றன. எங்கள் சந்தியில் அவை கிடைக்கவில்லை.

கலமைன் லோஷனைப் பற்றி நான் வைத்திருந்த எண்ணம் பிழையாக இருந்தது. கொட்டியவுடன் பூச வேண்டிய மருந்து அதுதான் என்று எண்ணியிருந்தேன். முதல் மணித்தியாலத்தில் முழங்கைக் கொட்டில் பூசிப் பார்த்தேன். வலியில் மாற்றமே இல்லை. ஆனால் அடுத்த நாள் மாலை அரிப்புத் தொடங்கியபோது அதே போத்தல் தன் பெறுமதியைக் காட்டியது. சிங்க் ஒட்சைட்டும் சிறிதளவு இரும்பு ஒட்சைட்டும் சேர்ந்ததுதான் கலமைன், அந்த இளஞ்சிவப்பு நிறம் இரும்பினுடையது. தூள் அடியில் தங்கிவிடும், மேலே தண்ணீர் நிற்கும். நன்றாகக் குலுக்காமல் ஊற்றினால் வெறும் தண்ணீரைத்தான் பூசுவோம். எங்கள் போத்தலில் அடி கட்டியாகிப் போயிருந்ததால் கவிழ்த்துப் பிடித்து உள்ளங்கையில் பல தடவை தட்ட வேண்டியிருந்தது. பஞ்சில் தோய்த்து ஒற்றினால், நீர் ஆவியாகும்போது ஒரு குளிர்ச்சி, காய்ந்தபின் மேலே மென்மையான ஒரு படலம். மகள் அதைத் தன் கைக்குப் போட்ட பவுடர் என்று சொல்லிக்கொண்டு சொறியாமல் இருந்தாள். சொறியாமல் இருந்ததுதான் பெரிய பயன், ஏனென்றால் நகம் பட்டுத் தோல் கிழிந்தால்தான் சீழ் வைக்கும். ஒரு நாளில் மூன்று நான்கு தடவை பூசினேன். கண்ணுக்கும் வாய்க்கும் அருகில் பூசக் கூடாது, தோல் கிழிந்த இடத்திலும் கூடாது. “கொட்டியவுடன் வலிக்கு அல்ல, மறுநாள் அரிப்புக்கு” என்று ஒரு வரி தமிழில் அந்தப் போத்தலில் இருந்திருந்தால் என்னைப் போன்றவர்கள் முதல் மணித்தியாலத்தைப் பஞ்சோடு வீணாக்க மாட்டார்கள்.

பாணி மருந்து குளோர்பெனிரமின், 5 மில்லிலீற்றரில் 2 மில்லிகிராம். ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு அந்த 5 மில்லிலீற்றர்தான். வீட்டுத் தேக்கரண்டிகள் எல்லாம் ஒரே அளவல்ல. போத்தலோடு வரும் அளவுக் கிண்ணத்தை எறிந்துவிடாதீர்கள். அரிப்புக்கும் தடிப்புக்கும் இது உதவுகிறது, ஆனால் பிள்ளையை நித்திரையாக்கிவிடும். இங்கேதான் நான் எல்லாத் தாய்மாரையும் எச்சரிக்க விரும்புகிறேன். கொட்டிய முதல் மணித்தியாலம் பிள்ளையை விழிப்போடு வைத்துக் கவனிக்க வேண்டிய நேரம். அந்த வேளையில் கொடுத்தால், சோர்வு மருந்தால் வந்ததா, உடல் முழுதும் பரவும் ஒவ்வாமையால் வந்ததா என்று வீட்டிலிருக்கும் நமக்குப் பிரித்தறிய முடியாது. ஆகவே எங்கள் வீட்டில் அதை அன்று இரவு படுக்குமுன் தான் கொடுத்தேன். அதுவும் கழுத்தும் முகமும் தெளிவாக இருக்கின்றன, மூச்சு சீராக இருக்கிறது என்று பார்த்த பிறகே.

வலிக்குப் பரசிற்றமோல் போதுமாக இருந்தது. மகளின் நிறை 18 கிலோ. கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில் 270 மில்லிகிராம், 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணியில் ஏறத்தாழ 11 மில்லிலீற்றர். ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறைக்கு மேல் கொடுக்கவில்லை. அஸ்பிரின் பிள்ளைகளுக்கு எந்த நாளும் வேண்டாம்.

தைலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மென்தோலும் கற்பூரமும் கலந்த அந்தத் தைலம் தடிமனுக்கும் மூட்டு நோவுக்கும் பெரியவர்களுக்கு உதவலாம். கொட்டு வாங்கிய பிள்ளையின் தோலில் அது எரிச்சலைக் கூட்டியது மட்டுமே. ஒரு துளி தொட்டவுடன் அவள் மீண்டும் அழத் தொடங்கினாள், நான் உடனே கழுவிவிட்டேன். அந்தக் கையைக் கண்ணில் வைத்திருந்தால் இன்னொரு வேதனை. குளவிக் கொட்டுக்கு இதை வாங்க வேண்டாம்.

மறுநாள் காலை என்னை அச்சப்படுத்தியது. முதல் நாள் மாலை வீக்கத்தின் விளிம்பைப் போல்பொயிண்ட் பேனையால் கோடிட்டு வைத்திருந்தேன். காலையில் பார்த்தால் வீக்கம் கோட்டைத் தாண்டி முன்கையின் பாதிக்கு வந்திருந்தது. கிருமி பிடித்துவிட்டது என்று எண்ணி, மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மல்லாவி ஆதார வைத்தியசாலைக்குப் போனோம். வைத்தியர் கையைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சல் உண்டா என்று கேட்டு, விரல்களை மடக்கச் சொல்லிவிட்டு, இது விஷத்துக்கு அவ்விடத்துத் தோல் காட்டும் பெரிய எதிர்வினை என்றும், இவ்வகை வீக்கம் இரண்டு நாள்வரை கூடிப் பின்னர் ஒரு வாரம் பத்து நாளில் வற்றும் என்றும் விளக்கினார். கிருமியைக் கொல்லும் அன்ரிபயோட்டிக் மருந்து எதுவும் எழுதித் தரவில்லை. மூன்றாம் நாளுக்குப் பிறகும் வலி கூடிக்கொண்டே போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, சீழ் கண்டாலோ, சிவப்புக் கோடு கையின் மேலே ஏறினாலோ உடனே வரும்படி சொன்னார். கிளினிக் கொப்பியைப் புரட்டி, 5 வயதில் போடும் ஏற்பூசி போடப்பட்டிருப்பதையும் பார்த்துக்கொண்டார். கொப்பியைக் கையோடு கொண்டு போனது நல்லதாயிற்று.

நான் வாங்கிய பொருட்களை எவ்வளவு பாராட்டினாலும், அவை எல்லாம் கொட்டிய இடத்தோடு நின்றுவிடும் வேதனைக்கு மட்டுமே உரியவை. கொட்டிய சில நிமிடங்களில், அல்லது அடுத்த ஒரு மணித்தியாலத்துக்குள், கொட்டாத இடங்களிலும் தடிப்புக் கிளம்பினால், உதடோ நாக்கோ கண்ணிமையோ வீங்கினால், குரல் கம்மினால், மூச்சு இழுத்தால், பிள்ளை வாந்தியெடுத்தால், தலை சுற்றித் துவண்டால், பொதியையும் போத்தலையும் அப்படியே வைத்துவிட்டு 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2018 ஆம் ஆண்டு முதல் வட மாகாணத்திலும் இலவசமாக இயங்குகிறது. அந்த நிலையில் உயிர் காக்கும் மருந்து தொடையில் ஏற்றும் அட்ரினலின் ஊசிதான், அதை எந்தப் பாணியும் பதிலீடு செய்யாது. வாகனம் வரும்வரை பிள்ளையைப் படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்தி வையுங்கள். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்கார விடுங்கள், எழுந்து நடக்க விடாதீர்கள். வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டினால் அறிகுறிக்குக் காத்திருக்க வேண்டாம்.

காட்டோரம் இருக்கும் நமக்கு இன்னொன்றும் உண்டு. கோழிக்கூட்டில் இருந்தது மெலிந்த சிறு குளவி. பாலை, புளி போன்ற மரங்களில் பெரிய கூடு கட்டும், வயிற்றில் அகன்ற மஞ்சள் பட்டை கொண்ட கரிய குளவி அப்படியல்ல. விறகுக்கும் பாலைப்பழத்துக்கும் போகும் பிள்ளைகளை அது கூட்டமாகத் துரத்தும். ஒரு பிள்ளைக்குப் பத்துக் கொட்டுக்கு மேல் விழுந்தால், ஒவ்வாமை இல்லாவிட்டாலும் விஷத்தின் அளவே சிறுநீரகத்தைப் பாதிக்கக் கூடும். பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாலும் வைத்தியசாலைக்குக் கொண்டு போக வேண்டும், சிறுநீர் கறுத்துப் போகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மகளின் கை எட்டாம் நாள் பழைய நிலைக்கு வந்தது, காப்பு ஒன்பதாம் நாள் ஏறியது. கலமைன் போத்தலில் முக்கால் பங்கு மீதமிருக்கிறது. தைலத்தை அம்மா தன் முழங்காலுக்கு எடுத்துக்கொண்டார். கடந்த வாரம் அதே பாமசியில் இரண்டாவது ஜெல் பொதி ஒன்றை வாங்கி, பிள்ளைகள் பகலெல்லாம் விளையாடும் தங்கையின் வீட்டுக் குளிர்சாதனப்பெட்டியில் வைத்திருக்கிறேன். சுற்றுவதற்கான துணியையும் அதோடு மடித்து வைத்து, மேலே 1990 என்று எழுதி ஒட்டிவிட்டேன்.